ஒரே லைனா, ரெண்டு லைனா

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் டீ நிறத்தில் வரத் தொடங்கிய காலையில் முதலில் சிரித்தவன் நான்தான். "சர்க்கரை மட்டும் போட்டாப் போதும், நாளையிலிருந்து பால நிறுத்திடலாம்" என்றேன். வாளியோடு நின்றிருந்த மனைவி பார்த்த பார்வையில், நிறுத்தாவிட்டாலும் பால் திரிந்திருக்கும். என் பழக்கம் அது. வீட்டில் எது உடைந்தாலும் ஒரு ஜோக்கை எடுத்து அதன்மேல் போட்டுவிடுவேன். உடைந்தது உடைந்தபடியே கிடக்கும். ஜோக் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் இரண்டு குடும்பம். கீழ்வீடு அப்பா கட்டியது. அதில் அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். அதன்மேல் நான் கட்டிக்கொண்டது மேல்வீடு. வருகிறவர்களிடம், "அண்ணன் தலைமேல ஏறி உக்காந்தவன் நான்தான்" என்று நானே சொல்லிவிடுவேன், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால். இரண்டு வீட்டுக்கும் மோட்டார் ஒன்று, மொட்டைமாடியில் டேங்க் ஒன்று, அதிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் ஒன்று. அந்தக் குழாய் முதலில் எங்கள் சமையலறைக்கும் குளியலறைக்கும் கிளை விட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் கீழே கொண்டுபோகும். ஆகவே மேலே நாங்கள் திறந்தால் கீழே அண்ணனுக்கு ஷவர் நூலாக இளைத்துவிடும்.

"டேய், மேல மூடுடா. கண்ணு எரியுது" என்று கீழேயிருந்து குரல் வரும்.

"யாரு பேசறது?" என்பேன்.

"சோப்பு போட்டுகினு நிக்கிறேன்டா, விளையாடாத."

கொஞ்சம் தாமதித்துத்தான் மூடுவேன். மறுநாள் அவர் மோட்டார் போட மறந்தவர்போல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். சுவிட்ச் அவர் வீட்டு வராந்தாவில் இருக்கிறது. துண்டோடு இறங்கிப்போய் நான் கும்பிட்டு நிற்க வேண்டும். இத்தனைக்கும் அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில், நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்லும் நாற்காலியில் இருக்கிறவன்.

டீ நிறம் வந்த சில நாட்களில் குழாய் வெளிச்சுவரில் ஓரிடத்தில் கசிந்தது. பிளம்பரைக் கூப்பிடலாம் என்றார் அண்ணன். நான் இருக்கும்போது பிளம்பர் எதற்கு என்றேன். சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். டியூபைச் சுற்றி இறுக்கியதும் கசிவு நின்றது. பெருமையோடு கீழே பார்த்தேன். அப்போது அதற்கு ஒரு முழம் மேலே வேறிடத்தில் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. அதைக் கையால் பொத்தினேன், இன்னோர் இடத்தில் வந்தது. அதை முழங்கையால் அழுத்தினேன். கடைசியில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், கோவில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிறவனைப் போல.

"எறங்குடா" என்றார் அண்ணன். "உன்ன இன்னா செய்யறதுன்னே தெரியல."

"மோட்டார நிறுத்துண்ணா மொதல்ல."

"மோட்டார் ஓடலடா. டேங்க்ல இருக்கற தண்ணி வருது. அது தீர்ற வரைக்கும் அப்பிடியே நில்லு."

அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் மனைவி மேலேயிருந்து எட்டிப்பார்த்து, "அக்கா, இவர அப்பிடியே அங்கியே வச்சிக்கோங்க" என்றாள். நாங்கள் நாலு பேரும் மனசுவிட்டுச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி. அதற்கப்புறமும் நாலு பேரும் சேர்ந்து இருந்திருக்கிறோம், சிரித்தும் இருக்கிறோம். ஆனால் யாராவது ஒருவர் மற்றவர்களுக்காகச் சிரித்ததாகவே இருக்கும்.

பிளம்பர் வந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனைச் செருகிக்கொண்டே வேலை செய்கிற ஆள். யாரோடு பேசுகிறார், எங்களோடா, போனோடா என்பது பாதி நேரம் தெரியாது. குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு அறுத்தெடுத்து உள்ளே காட்டினார். களி கிண்டிக் கழுவாமல் விட்ட சட்டிபோலத் துரு அப்பிக்கிடந்தது. நடுவில் சுண்டுவிரல் நுழையலாம், அவ்வளவுதான் வழி.

"இதுல இவ்ளோ நாளு தண்ணி வந்ததே பெருசு சார். ஒட்டுப் போட்டா தாங்காது. மொத்தத்தையும் பிடுங்கிட்டு பிளாஸ்டிக் பைப்பு போட்டுடுங்க" என்றார். போனை ஒரு கையால் மூடிக்கொண்டு, "ஒரே லைனா, ரெண்டு லைனா?" என்று கேட்டார்.

"அப்பிடின்னா?" என்றேன்.

"இப்ப இருக்கற மாதிரி மேலயும் கீழயும் ஒண்ணாவே போடணுமா, இல்ல மேலுக்கு ஒரு டேங்க் ஒரு லைன், கீழுக்கு ஒரு டேங்க் ஒரு லைன்னு பிரிச்சி வுட்டுடலாமா? இப்ப எல்லாரும் பிரிச்சித்தான் போடறாங்க. பின்னால பேஜாரு இருக்காது."

அப்பா போனபோதுகூட யாரும் எங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இந்த வீட்டைப் பாகம் பிரிக்க வேண்டிய தேவையே வரவில்லை. கீழே அவர், மேலே நான், அவ்வளவுதான். மின்சார மீட்டர் தனி, கேஸ் தனி, அரிசி தனி. தண்ணீர் மட்டும் தனியாக இல்லை என்பதை அதுவரை நான் ஒரு விஷயமாக நினைத்ததே இல்லை.

"ஒண்ணுதான், வேறென்ன?" என்றேன்.

அண்ணன் அந்த அறுத்த துண்டை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாக வானத்தைப் பார்த்தார். "யோசிச்சி சொல்றோம்பா" என்றார்.

சாயங்காலம் மனைவி கேட்டாள்: "மாமா ஏன் யோசிக்கணும்னு சொன்னாரு?"

"பெரிய மனுஷன் இல்லையா? யோசிக்காம எதுவும் சொல்லக் கூடாது."

"வெளையாடாதீங்க. ஒண்ணா ரெண்டான்னு கேட்டதுக்கு யோசிக்கறாருன்னா, ரெண்டுன்னு அர்த்தம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்திருக்கும். நான்தான் அதன்மேல் ஏதாவது ஒரு ஜோக்கைப் போட்டு மூடிவைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்கப் பிளம்பர் போட்டுவிட்டுப் போன ஒரு தற்காலிக ரப்பர் குழாயில் தண்ணீர் வந்தது. ஆபீசில் உட்கார்ந்து கோப்பு பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது: ஒன்று என்பாரா, ரெண்டு என்பாரா? தண்ணீர் பிரிந்தால் என்ன ஆகிவிடும் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஒன்றும் ஆகாது என்று பதில் வரும். ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோவேன்.

சாமான் வாங்க அண்ணன் ரயிலேறி விழுப்புரம் வந்தார். எனக்குத் தெரிந்த கடை ஒன்று ரயிலடிப் பக்கம் இருந்தது. ஆபீஸ் முடிந்து அவரை அங்கே கூட்டிப்போனேன். கடைக்காரர் வாயில் போட்டிருந்ததை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "எத்தினி டேங்க்குக்கு சார்?"

"ரெண்டு" என்றார் அண்ணன்.

என்னைப் பார்க்கவில்லை. கடையில் தொங்கிக்கொண்டிருந்த குழாய்த் திருகுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைக்காரர் பையனைக் கூப்பிட்டு, "ரெண்டு டேங்க்குக்கு எடுப்பா" என்று உள்ளே குரல் கொடுத்தார். ஊருக்கே அறிவித்ததுபோல் இருந்தது எனக்கு. "கலர் வேற வேறயா குடுங்க, மாறிடப் போவுது" என்று நான் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். கறுப்பு மட்டும்தான் இருக்கிறது என்றார்.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே வளவனூர் போகும் பஸ்ஸை நிறுத்திவைத்துக்கொண்டு நடத்துநர் கூவிக்கொண்டிருந்தார்.

"கோச்சிக்காதடா" என்றார் அண்ணன்.

"எதுக்கு? டீயில சக்கரை இல்ல, அதுக்கா?"

"சொல்றதக் கேளு. பையனுக்கு வளவனூர்ல ஒரு எடம் வந்திருக்குது, சொன்னேன் இல்ல? நல்ல குடும்பம். பொண்ணு படிச்ச பொண்ணு. எல்லாம் சரியா வந்துகினு இருக்குது. தரகர் போன் பண்ணி, வீடு கூட்டா தனியான்னு கேக்கறாங்கன்னாரு. தனிதான்னேன். கரண்டு தனியா? தனி. சமையலு? தனி. தண்ணின்னு கேட்டாங்க."

"தண்ணி அடிக்கற பழக்கம் இல்லன்னு சொல்லவேண்டியதுதானே?"

அவர் லேசாகச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "அவங்க மூத்த பொண்ணக் கட்டிக்குடுத்த எடத்துல ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே குழாயாம். யாரு மொதல்ல புடிக்கறதுன்னு ஓரகத்தியோட சண்ட வந்து, வார்த்த முத்தி, அந்தப் பொண்ணு அம்மா வீட்லயே வந்து உக்காந்துகினு இருக்குதாம். அதுலருந்து தண்ணி பொதுவா இருக்கற வீட்டுக்குப் பொண்ணு குடுக்கறதில்லன்னு வச்சிருக்காங்க. நேர்ல வந்து பாப்பாங்களாம், மொட்டமாடி வரைக்கும்."

"நம்ம வீட்ல எவன் சண்ட போட்டான்?"

"அத அவங்ககிட்ட எப்பிடிடா காட்றது?"

அது உண்மை. இல்லாத சண்டையை யாருக்கும் காட்ட முடியாது. ரெண்டு டேங்க்கைக் காட்டலாம்.

அண்ணனின் பையன், நான் தோளில் தூக்கிக்கொண்டு மயிலம் தேருக்குப் போன பையன். இப்போது சென்னையில் வேலை. வயது ஏறுகிறது, முடி இறங்குகிறது. வந்த இடமெல்லாம் ஏதாவது ஒரு காரணத்தால் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. வீடியோ காலில் பேசும்போது அவன் கேமராவை நெற்றிக்குக் கீழே பிடித்துக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். அண்ணி செவ்வாய்க்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போவதும் தெரியும்.

எல்லாம் தெரிந்தும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

"ரெண்டா போட வேணாம்ண்ணா. எனக்கு என்னமோ மாதிரி இருக்குது. ஒண்ணாவே இருக்கட்டும்."

அண்ணன் என்னை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். டீ தளும்பி வேட்டியில் ஊற்றும் அளவுக்குச் சிரித்தார். வேட்டியை உதறிக்கொண்டே என் முதுகில் தட்டினார்.

"மூஞ்ச எப்பிடி வச்சிகினு சொல்றான் பாரு. ஒரு நிமிஷம் நெசம்னே நெனச்சிட்டேன்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ கோச்சிப்பியோன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. உங்க அண்ணி அப்பவே சொன்னா, தம்பி எதையும் மனசுல வச்சிக்கறவரு இல்லன்னு. உன்ன மாதிரி இருந்துட்டா எவ்ளோ நல்லா இருக்கும்டா."

இன்னொரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நம்பியிருந்தால், ரெண்டாவது டேங்க் வேண்டாம் என்று அந்த நிமிஷமே கடைக்குத் திரும்பிப்போய்ச் சொல்லியிருப்பார். அண்ணன் அப்படிப்பட்டவர். தரகருக்குப் போன் போட்டு வளவனூர் இடம் வேண்டாம் என்றும் சொல்லியிருப்பார். என் பேரை எடுத்திருக்கவே மாட்டார். அதனால் நானும் சிரித்தேன். "பயந்துட்ட இல்ல?" என்றேன். டீக்குக் காசு அவரே கொடுத்தார்.

வேலை திங்கட்கிழமை தொடங்கியது. நான் லீவு போட்டிருந்தேன். பழைய இரும்புக் குழாயை மேலேயிருந்து கழற்றிக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். ஒரு துண்டு கைநழுவித் தரையில் விழுந்து கணீரென்றது. அண்ணி அடுப்படியிலிருந்து, "இதோ வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வந்துவிட்டார். வந்து வாசற்படியில் நின்று, எதற்கு வந்தோம் என்று விழித்தார்.

பிளம்பருக்கு அது புரியவில்லை. அண்ணியும் என் மனைவியும் அந்தக் குழாயில்தான் பேசிக்கொள்வார்கள். மீன் குழம்பு கொதித்தால் கீழே கரண்டியால் குழாயில் இரண்டு தட்டு. என் மனைவி கிண்ணத்தோடு இறங்குவாள். இவளுக்குக் கறிவேப்பிலை இல்லையென்றால் மேலிருந்து தட்டுவாள். இரண்டு பேரிடமும் செல்போன் இருக்கிறது, அதில் தட்டலாம். ஆனால் அடுப்பின் முன்னால் நிற்பவர்களுக்குக் கரண்டிதான் கையில் இருக்கும். இது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு என்றுகூட யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

"நீங்க கூப்பிடல இல்ல?" என்றார் அண்ணி, மாடிப்படியில் நின்றிருந்த என் மனைவியிடம்.

"இல்லக்கா. பைப்பு கீழ வுழுந்துச்சி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அண்ணி உள்ளே போய்விட்டார். என் மனைவி மேலே போய், ஓடாத குழாயின் கீழே ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் ஏதோ சொல்லவந்தேன். "எதுவும் சொல்லாதீங்க" என்றாள். அன்றைக்கு என்னிடமும் ஜோக் எதுவும் கைவசம் இல்லை.

இரண்டு டேங்க் ஏறின. இரண்டு மோட்டார் வந்தன. தரைக்குள் இருக்கும் சம்ப்புத் தொட்டியை என்ன செய்வது என்று அண்ணன் கேட்டார். "அது ஒண்ணே இருக்கட்டும் சார். ரெண்டு மோட்டாரும் அதுலருந்தே எடுத்துக்கும். மண்ணுக்குள்ள இருக்கறது யாரு கண்ணுக்குத் தெரியப் போவுது?" என்றார் பிளம்பர். சுவிட்ச் ஒன்று எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தண்ணீரைத் திறந்தபோது முழு வேகத்தில் கொட்டியது. கண்ணாடிபோல இருந்தது. சோப்புப் போட்டால் நுரை உடனே வந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

வளவனூர்க்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, கூடவே அந்த மூத்த மகள். பச்சை நிறப் புடவையில், எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தது அந்தப் பெண். கேசரியும் போண்டாவும் ஆனபிறகு பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்ட ஒரு சுத்து பாத்துடலாமுங்களா?" என்றார்.

"நான் காட்றேன் வாங்க" என்றேன். மொட்டைமாடிக்கு வழி என் வீட்டைத் தாண்டித்தான். எல்லோரும் என் பின்னால் ஏறினார்கள். அந்த மூத்த மகள் வழியில் எங்கள் சமையலறைக்குள் எட்டிப்பார்த்து, குழாயைத் திறந்து ஒரு நிமிஷம் ஓடவிட்டது. கீழேயிருந்து "மேல மூடுடா" என்று குரல் வரவில்லை. மூடிவிட்டு அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தது. அந்தத் தலையசைப்புக்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்தபோது எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. எந்தக் குழாயடியில் என்னென்ன பேச்சுக் கேட்டுக்கொண்டு நின்றதோ.

மொட்டைமாடியில் வெயில் சுட்டது. இரண்டு கறுப்பு டேங்க்குகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஸ்டிக்கர்கூட இன்னும் கிழிக்கவில்லை.

"தனித்தனியா போட்டிருக்கீங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

"தனித்தனிங்க" என்றேன். "மோட்டாரு தனி, டேங்க் தனி, லைன் தனி. எல்லாமே தனித்தனி. அண்ணன் வீட்டுக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லீங்க."

ஜோக்காகத்தான் அதைச் சொல்ல நினைத்தேன். வந்தபோது சாதாரணமாக வந்துவிட்டது. பெண்ணின் அப்பா திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"இதுல உங்களுது எது?" என்று கேட்டார்.

இரண்டையும் பார்த்தேன். ஒரே உயரம், ஒரே கறுப்பு, ஒரே மூடி. பிளம்பர் சொல்லிக்கொடுத்தபோது நான் எங்கோ பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். கைக்கு நேராக இருந்ததைத் தொட்டுக் காட்டினேன்.

"டேய், அது எங்களுதுடா" என்றார் அண்ணன் பின்னாலிருந்து. "உன்னுது அந்தாண்ட இருக்குது பாரு."

அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த மூத்த மகள்கூட முதல்முறையாகச் சிரித்தது. பெண்ணின் அப்பா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி நல்ல தமாஷா பேசறாருங்க. எங்களுக்குத் திருப்திங்க. மேற்கொண்டு பேசலாம்" என்றார்.

"அவன் எப்பவும் இப்பிடித்தாங்க" என்றார் அண்ணன். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் நெடுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

நானும் சிரித்துக்கொண்டே அந்தாண்டை போய், என்னுடைய டேங்க் பக்கத்தில் நின்றுகொண்டேன்.